ஸ்டூலைத் திருகாத வருடம்

எங்கள் ஸ்டுடியோவில் நாள் முழுக்கக் கேட்கும் வார்த்தை “ஆடாதீங்க” என்பதுதான். அதைச் சொல்லிச் சொல்லியே அக்கா வீட்டுக்காரருக்குக் குரல் கரகரத்துப் போனது. கல்யாண மாப்பிள்ளை, பாஸ்போர்ட்டுக்கு வரும் பெரியவர், அம்மா இடுப்பில் அழும் குழந்தை என்று யாராக இருந்தாலும் அந்த ஒரு வார்த்தையால் கட்டிப்போட்டுவிடுவார். அப்படிப்பட்ட மனிதருக்கு ஒரு நிமிடம் ஓர் இடத்தில் நிற்காத பெண் வந்து பிறந்தாள். மேலே இருப்பவனுக்கும் கிண்டல் தெரியும் என்று நான் சொல்வேன். அக்கா முறைப்பாள்.

நான் முன் கவுண்டரில் இருப்பவள். படங்களை வெட்டுவது, கவரில் போடுவது, “எப்ப கிடைக்கும்?” என்று கேட்பவர்களிடம் “இதோ, சாயந்திரம்” என்று வாய் கூசாமல் பொய் சொல்வது எல்லாம் என் பொறுப்பு. மாடியில்தான் வீடு. அக்கா, மாமா, அவர்களின் ஒரே பெண், கூடவே நான். அந்தப் பெண்ணுக்குப் பம்பரம் என்று பெயர் வைத்ததும் நான்தான். அது தெரு முழுக்க ஒட்டிக்கொண்டது.

ஸ்டுடியோவில் ஒரு பழைய ஸ்டூல் உண்டு. வலப்பக்கம் திருகினால் உட்காரும் பலகை உயரும், இடப்பக்கம் திருகினால் இறங்கும். ஆள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே மாமா ஒரு பார்வை பார்ப்பார். அந்தப் பார்வையிலேயே கணக்குப் போட்டு ஸ்டூலைத் திருகிவிடுவார். ஆள் வந்து உட்கார்ந்தால் தலை கச்சிதமாகக் கேமராவுக்கு நேரே இருக்கும். கேமரா நிற்கும் முக்காலியை அவர் தொடவே மாட்டார். அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. இருக்கட்டும், வேலை தெரிந்தவர்தான்.

ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் பம்பரத்தை அந்த ஸ்டூலில் உட்காரவைத்து ஒரு படம் எடுப்பது எங்கள் வீட்டு வழக்கம். அந்தப் படத்துக்கு மட்டும் ஃப்ளாஷ் கிடையாது. ஜன்னல் வெளிச்சம்தான். அப்படி எடுக்க வேண்டுமானால் ஆள் மூச்சுப் பிடித்தமாதிரி அசையாமல் இருக்க வேண்டும். எங்கள் பம்பரமாவது அசையாமல் இருப்பதாவது! அந்தப் படங்கள் கவுண்டருக்குப் பின்னால் சுவரில் வரிசையாக மாட்டியிருக்கும். ஒன்றில் மூக்கு இரண்டாகத் தெரியும். ஒன்றில் ஜடை மட்டும் பறக்கும். ஒன்றில் ஸ்டூல் மட்டும் இருக்கும், ஆளே இருக்க மாட்டாள். புதிதாக வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு, வேறு ஸ்டுடியோவுக்குப் போகலாமா என்று யோசிப்பது முகத்திலேயே தெரியும்.

ஆனால் வருடா வருடம் அந்த நாளில் மாமா சொல்கிற ஒரு வாக்கியம் எனக்குப் பிடிக்கும். ஸ்டூலை இடப்பக்கம் திருகி இறக்கியபடியே சொல்வார்.

“மகாராணி வளர்ந்துட்டாங்க. சிம்மாசனத்தை இறக்க வேண்டியிருக்கு.”

எங்கள் வீட்டில் அவள் உயரத்துக்குச் சுவரில் கோடு போட்டதில்லை. அந்த ஸ்டூல்தான் கோடு. இறக்கி நிறுத்திய இடத்தை மாமா அதன் தண்டில் பெயிண்டால் குறித்தும் வைப்பார்.

பள்ளிக்கூடம் சேர்ந்த பிறகு சிரிப்பு குறைந்தது. பெஞ்சில் உட்காருவதில்லை, பாதிக் கணக்கில் எழுந்து ஜன்னலுக்குப் போகிறாள், பக்கத்துப் பிள்ளையின் டப்பாவைத் திறக்கிறாள். அக்காவைக் கூப்பிட்டனுப்பாத வாரமில்லை. “புத்தி இருக்கு, பொறுமைதான் இல்ல” என்றார் டீச்சர். அக்கா வீட்டுக்கு வந்து அழுவாள். அழுதுவிட்டு அவளை அடிப்பாள். அடித்துவிட்டு மறுபடியும் அழுவாள். கடைசியில் டீச்சரே ஒரு டாக்டர் பெயரைச் சொன்னார். குழந்தைகளின் மனநலம் பார்க்கிற பெண் டாக்டர். பெரிய நகரத்தில் இருந்தார், ரயிலில் போக வேண்டும். அவர் பார்த்துவிட்டு ஏடிஹெச்டி என்றார், கவனமும் உடம்பும் ஓரிடத்தில் நிற்காத பிரச்சினையாம். பம்பரத்தின் சேட்டைக்குப் பின்னால் இப்படி ஒரு விஷயம் இருக்கும் என்று எங்களில் யாரும் நினைத்ததில்லை.

முதல் தடவை போய்விட்டு வந்ததும் மாமாவுக்கு ஒரே எரிச்சல்.

“மூளையைப் பார்க்கச் சொன்னா அந்தம்மா காலைப் பார்க்குது, நகத்தைப் பார்க்குது. ராத்திரி காலை உதைச்சுக்குவாளான்னு கேக்குது. எவ்வளவு சாப்பிடறா, எப்ப தூங்கறான்னு கேக்குது. ரத்தம் வேற எடுத்துட்டாங்க.”

ரத்தத்தில் இரும்புச் சேமிப்பு குறைவு என்று வந்தது. கால் உதைப்பதற்கும், தூக்கம் கெடுவதற்கும், மறுநாள் நிலைகொள்ளாமல் இருப்பதற்கும் அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று டாக்டர் ஒரு டானிக் கொடுத்தார். பிறகு மாத்திரை. மாத்திரை கொடுக்கும்போது சொன்னதை அக்கா என்னிடம் அப்படியே ஒப்பித்தாள்.

“இது பசியைக் குறைக்கலாம். இதயத் துடிப்பைக் கொஞ்சம் ஏத்தலாம். பயமுறுத்தறதுக்குச் சொல்லல, பார்த்துக்கிட்டே இருக்கணும்னு சொல்றேன். மூணு மாசத்துக்கு ஒரு தடவை அவளை நேர்ல கூட்டிட்டு வாங்க. உயரம், எடை, பிரஷர், நாடி. மார்க் ஷீட் எனக்கு வேணாம்.”

மாத்திரையைக் குறை சொல்ல எனக்கு இன்றைக்கும் மனசு வராது. அவள் முதல்முறையாக ஒரு கதைப் புத்தகத்தைக் கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டு, “சித்தி, முடிவு இருக்கு இதுக்கு!” என்று கத்திக்கொண்டு மாடிப்படி இறங்கி வந்தாளே, அதைப் பார்த்தவள் நான். முதல் இரண்டு தடவை ஒழுங்காக ரயிலேறிப் போய்க் காட்டிவிட்டும் வந்தார்கள். அதற்குள் பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிடுவது நின்றது. அக்கா அழுவது நின்றது. வீடு வீடாக இருந்தது. அந்த நிம்மதியில்தான் நாங்கள் கோட்டை விட்டோம்.

டானிக் குடித்தால் வயிறு வலிக்கிறது என்றாள். “சரி விடு, அதான் அடங்கிட்டாளே” என்று அக்கா பாட்டிலை அலமாரியின் பின்னால் தள்ளினாள். சாப்பாட்டு டப்பா போன மாதிரியே திரும்பி வந்தது. பள்ளிக்கூடத்தில் அரட்டை அடித்திருப்பாள் என்று நினைத்தோம். என்னோடுதான் படுப்பாள். சைக்கிள் மிதிக்கிற மாதிரி அவள் கால் ஓடிக்கொண்டே இருக்கும். பகலில் மட்டும் சமர்த்தாக உட்கார்ந்திருப்பாள். கண்ணுக்குக் கீழே மை தடவினாற்போல் கறுத்திருக்கும்.

ஒரு நாள் நான் பாஸ்போர்ட் படங்கள் வெட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து நின்றவள் என் கையைப் பிடித்துத் தன் நெஞ்சில் வைத்தாள்.

“சித்தி, உள்ள யாரோ ஓடறாங்க.”

சும்மா உட்கார்ந்திருந்த குழந்தைக்கு, படியேறி வந்தவள் மாதிரி நெஞ்சு அடித்தது. அக்காவிடம் சொன்னேன். அவள் என் மேல் பாய்ந்தாள்.

“பேய் மாதிரி ஆடினப்பவும் அவளைப் பத்திப் பேசினாங்க. இப்ப அடங்கி உக்காந்தாலும் குத்தமா? கொஞ்ச நாள் நிம்மதியா இருக்க விடேன்டி.”

அக்காவின் முகத்தைப் பார்த்து என் வாய் அடைத்துப் போனது. ஊர்வாயை எல்லாம் அடைக்கிற வாய், அன்றைக்கு என்று பார்த்து அடைத்துக்கொண்டது.

அந்த வருடப் பிறந்தநாள் வந்தது. மாமா ஸ்டூலைப் போன வருடக் குறியில் வைத்திருந்தார். பம்பரம் தானாகவே நடந்து வந்து அதில் ஏறி உட்கார்ந்தாள். கையை மடியில் வைத்துக்கொண்டாள். மாமா பழக்கத்தில் ஸ்டூலைத் திருகக் குனிந்தவர், கேமரா வழியாக ஒரு தடவை பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

“அட, திருகவே வேணாம். போன வருஷம் வச்ச இடத்திலயே கச்சிதமா இருக்கு. ரெடிமேட் பொண்ணு!”

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். மாமா “ஆடாதே” என்று சொல்லக்கூட இல்லை. அவள் ஆடவில்லை. படம் கண்ணாடி மாதிரி வந்தது. இமைமுடியை எண்ணலாம் போல இருந்தது. அக்கா அந்தப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

பிறகு மாமா கம்ப்யூட்டரில் உட்கார்ந்தார். எங்கள் ஸ்டுடியோவில் எந்தப் படமும் அப்படியே வெளியே போகாது. பரு போகும், தழும்பு போகும், கறுப்பு வெளுக்கும். யாரும் கேட்க வேண்டியதே இல்லை, அவர் கை தானாகச் செய்யும். கண்ணுக்குக் கீழே இருந்த கறுப்பைத் துடைத்தார். உதட்டுக்குக் கொஞ்சம் சிவப்பு கொடுத்தார். கன்னத்தில் குழி விழுந்திருந்த இடத்தில் நிழலை எடுத்தார். பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த பம்பரம் கேட்டாள்.

“அப்பா, எனக்குக் கன்னம் வச்சீங்களா?”

“ஆமாண்டா தங்கம். அழகா இருக்கில்ல?”

அவள் தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

அந்தப் படம் பெரிதாகச் சட்டம் போடப்பட்டு, ஆடிப்போன படங்களின் வரிசையில் கடைசியாகச் சுவருக்கு வந்தது. அக்கா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் காட்டினாள். “எவ்வளவு அடக்கமா உக்காந்திருக்கா பாருங்க.” டீச்சரும் ஒரு நாள் படம் எடுக்க வந்தவர் பார்த்துவிட்டு, “குட் கேர்ள்” என்று பம்பரத்தின் தலையைத் தடவிவிட்டுப் போனார்.

அடுத்து டாக்டரிடம் போகவேண்டிய நாளில் பரீட்சை வந்துவிட்டது. இத்தனை நாள் வராத மார்க் இப்போதுதான் வருகிறது, அதைக் கெடுப்பதா? அக்கா போன் செய்து கெஞ்சினாள். டாக்டர் யோசித்து, இந்த ஒரு தடவை மட்டும் என்று ஒப்புக்கொண்டார். பக்கத்தில் ஏதாவது கிளினிக்கில் உயரம், எடை, பிரஷர், நாடி எல்லாம் பார்த்து அனுப்பச் சொன்னார். முகம் தெளிவாகத் தெரிகிற புதுப் படமும் கேட்டார்.

“படம் எடுக்கிறவன்கிட்டயே படம் கேக்கறாங்களே!” என்று மாமா சிரித்தார்.

பக்கத்துக் கிளினிக்கில் கூட்டம் தெருவரைக்கும் இருந்தது. மாமா எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினார். உயரம் பார்க்க அவருக்குக் கிளினிக் எதற்கு? ஊரையே ஒரு பார்வையில் அளக்கிறவர். பழைய உயரத்தோடு கொஞ்சம் சேர்த்தார். பழைய எடையோடும் கொஞ்சம் சேர்த்தார். “வளர்ற பொண்ணுதானே, கூடாமலா இருக்கும்?” பிரஷரும் நாடியும் நார்மல் என்று போட்டார். சுவரில் இருந்த அந்தப் படத்தையும் சேர்த்து அனுப்பினார். ஏமாற்ற வேண்டும் என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை. நல்லதாகக் காட்டுவது அவருக்குத் தொழில். அந்தத் தொழில் புத்திதான் பெற்ற பெண்ணிடமும் வேலை செய்தது. டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு, முகம் நன்றாக இருக்கிறது, அதே மாத்திரை தொடரட்டும் என்றார். அந்த ஒரு தடவை என்பது இன்னொரு தடவையும் ஆனது.

விளையாட்டு விழாவுக்குப் பயிற்சி நடந்தபோது பம்பரம் ஓட்டத்தில் பாதியில் உட்கார்ந்துவிட்டாள். ஓடுவதென்றால் உயிர் அவளுக்கு. தடியெடுத்து விரட்டினாலும் நிற்காதவள், தானாக மண்ணில் உட்கார்ந்தாள் என்றதும் விளையாட்டு டீச்சர் பயந்துபோய் ஆட்டோவில் வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார். உதடு வெளுத்திருந்தது. அன்றைக்கு அதே கிளினிக்குக்கு ஓடினோம். கூட்டம் வழிவிட்டது. அங்கே நாடியைப் பிடித்தவர், “இவளுக்கு மாத்திரை கொடுக்கிற டாக்டரை உடனே போய்ப் பாருங்க, போன்ல பேசாதீங்க” என்றார்.

இந்தத் தடவை நானும் ரயிலேறினேன்.

டாக்டர் அறையில் பொம்மைகளும் எடை மெஷினும் உயரம் பார்க்கிற கட்டையும் இருந்தன. பம்பரம் செருப்பைக் கழற்றிவிட்டுக் கட்டையில் முதுகை ஒட்டி நின்றாள். டாக்டர் மேலிருந்த பலகையை அவள் தலைவரை இறக்கினார். படித்தார். மறுபடியும் நிமிர்ந்து நிற்கச் சொல்லி இன்னொரு தடவை படித்தார். எடை பார்த்தார். கையில் பிரஷர் பட்டையைச் சுற்றினார். கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தபடி முழுசாக ஒரு நிமிடம் எண்ணினார். மாமா தன் கைக்குட்டையை மடித்து மடித்து ஒரு பொத்தான் அளவுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

“போன வருஷம் என்ன உயரமோ அதேதான் இப்பவும்” என்றார் டாக்டர். “எடை அதைவிடக் குறைஞ்சிருக்கு. துடிப்பு ரொம்ப அதிகம். நீங்க எனக்கு அனுப்பின அளவு எங்கே எடுத்தது?”

மாமா அந்த உயரக் கட்டையைப் பார்த்தார். டாக்டர் தன் கம்ப்யூட்டரில் அந்தப் படத்தைத் திறந்தார். திரையில் கன்னம் உப்பிய, உதடு சிவந்த, கண் தெளிந்த ஒரு பெண். திரைக்குப் பக்கத்தில் எங்கள் பெண். டாக்டர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இது எப்ப எடுத்தது?”

பம்பரம்தான் பதில் சொன்னாள். உதவி செய்கிற குரலில் சொன்னாள்.

“என் பர்த்டேக்கு எடுத்தது டாக்டர். அது அப்பா என்னைச் சரி பண்ணினது.”

டாக்டர் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம், கொஞ்சம் ஆறியிருக்கும். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“நானும் படத்தை நம்பி மாத்திரை எழுதிட்டேன். அது என் தப்பு” என்றார். “இதை மூளைப் பிரச்சினைன்னு சொல்லிச் சொல்லி எல்லாரும் கழுத்துக்கு மேலயே பார்க்கறோம். பசி, தூக்கம், ரத்தம், நெஞ்சு எல்லாம் அதே குழந்தைக்குள்ளதானே இருக்கு.”

அக்கா கேட்டாள், “மாத்திரைதான் கெடுத்துடுச்சா டாக்டர்? நிறுத்திடலாமா?”

“அவசரப்படாதீங்க. அது அவளுக்கு உதவியும் பண்ணியிருக்கு. இப்ப கொஞ்ச நாள் நிறுத்திட்டு இதயத்தை ஒரு தடவை நல்லா பார்த்துடுவோம். அப்புறம் வேற அளவா, வேற மருந்தான்னு முடிவு பண்ணலாம். இரும்பு டானிக்கைச் சாப்பாட்டோட கொடுங்க, வயிறு அவ்வளவா வலிக்காது. நிறுத்தினா என்கிட்டச் சொல்லிட்டு நிறுத்துங்க.”

“வளர்த்தி?” என்று மாமா கேட்டார். அறைக்குள் வந்ததிலிருந்து அவர் பேசிய முதல் வார்த்தை.

“பெரும்பாலும் திரும்பப் பிடிச்சுடுவாங்க. ஆனா போன ஒரு வருஷம் முழுசா திரும்பி வரும்னு இன்னிக்கு நான் சத்தியம் பண்ண முடியாது.”

திரும்பி வரும்போது ரயிலில் பம்பரம் என் மடியில் தூங்கினாள். தூக்கத்திலும் கால் ஓடியது. அக்கா அந்தக் காலைப் பிடித்து மெதுவாக அமுக்கிக்கொண்டே வந்தாள். ஒரு வருடமாக அந்தக் கால் என் விலாவில் இடித்துச் சொன்ன சேதியை அன்றைக்குத்தான் அவள் கை கேட்டது. மாமா கதவோரம் போய் நின்றவர் ஊர் வரும்வரை உட்காரவில்லை.

மறுநாள் காலையில் நான் ஷட்டரைத் தூக்கும்போது மாமா உள்ளேதான் இருந்தார். ஸ்டூலுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தார். பலகையை இடப்பக்கம் ஒரு சுற்று இறக்குவதும் மறுபடியும் ஏற்றுவதுமாக இருந்தார். என்னைப் பார்த்ததும் கையை எடுத்துக்கொண்டார்.

“என் கையிலதானே இருந்துச்சு. திருக வேணாம்னு சொல்லிச் சிரிச்சேனே. ஊருக்கே அளவு பார்க்கறவன் நான், என் பொண்ணு வளரலன்னு இந்த ஸ்டூல் சொல்லுச்சு, நான் அதைக் கேட்டுச் சிரிச்சேன்.”

எனக்குக் கோபம் வந்தது. அவர் மேலா, அக்கா மேலா, என் மேலா என்று தெரியாமல் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் தரையில் உட்கார்ந்து அழுகிற மனிதரை என்ன சொல்லித் திட்டுவது? உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து வைத்தேன்.

அவர் எழுந்தார். நாற்காலியைச் சுவரோரம் இழுத்துப்போட்டு ஏறினார். அந்தப் படத்தின் சட்டத்தை ஆணியிலிருந்து தூக்கினார்.

“அப்பா, எடுக்காதீங்க!”

பம்பரம் மாடிப்படியில் நின்றிருந்தாள். மாத்திரை இல்லாத முதல் காலை. இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றுகொண்டிருந்தாள்.

“இது வேணாம்டா தங்கம்” என்றார் மாமா. “இது நல்லா இல்ல. அப்பா வேற எடுக்கறேன். நீ எப்படி வேணாலும் ஆடு, அப்படியே எடுக்கறேன்.”

“அதெல்லாம் ஆடின படம்ப்பா” என்று அவள் மற்ற படங்களைக் காட்டினாள். “அம்மா யாருக்குமே காட்ட மாட்டாங்க. இதுல மட்டும்தான் நான் நல்ல பொண்ணு.”

மாமா நாற்காலி மேல் சட்டத்தை மார்போடு பிடித்தபடி நின்றார். அவரால் அதை மாட்டவும் முடியவில்லை, கீழே இறக்கவும் முடியவில்லை.